கார் ஏசி வாயு, 10,000 வோல்ட், இரண்டு கண்ணாடித் தகடு: விண்துகளைப் பிடிக்கும் கருவியை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியாக இரண்டு மூன்று மியூவான் துகள்கள் பாய்ந்து போயிருக்கும். வலிக்காது, தெரியாது, தடமும் இருக்காது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகும் துகள்கள் இவை. கூரை, கான்கிரீட், மனித உடல் என எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பிடிக்க இயற்பியல் ஆய்வகங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருப்பது ஓர் எளிய பொருளைத்தான். வாயு நிரப்பி, மின்சாரம் கொடுத்த ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியைச் செய்வது பாதி வேலைகூட இல்லை. அது சொல்வதை நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பதில்தான் மாணவர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் போகிறது. அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது? அதில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? சண்டிகர், டெல்லி, மதுரை, ஊட்டிக்கெல்லாம் இதில் என்ன வேலை? பார்க்கலாம்.

முதலில், இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

மின்னேற்றம் கொண்ட ஒரு துகள் வாயு வழியாகப் போகும்போது, வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகும். ஆர்கான் வாயுவில் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 100 எலக்ட்ரான்கள் இப்படி உதிரும். இது மிகமிகச் சின்ன அளவு. எந்தக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது.

இங்கதான் உயர் மின்னழுத்தம் உதவிக்கு வருகிறது. வாயுவுக்குள் வலுவான மின்புலம் இருந்தால், உதிர்ந்த எலக்ட்ரான் வேகம் பிடித்து அடுத்த அணுவில் மோதி இன்னொரு எலக்ட்ரானை உதிர்க்கும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஒரு கல் உருண்டு மலைச்சரிவையே இறக்குவது மாதிரி, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் லட்சக்கணக்கில் பெருகிவிடும். அந்தப் பெருக்கம்தான் ஒரு சின்ன மின்துடிப்பாக வெளியே வருகிறது. துகள் வந்து போனதற்கு அதுதான் சாட்சி.

1908-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் இந்த வழியில் ஆல்ஃபா துகள்களை எண்ணினார்கள். 1928-ல் வந்த கைகர்-முல்லர் குழாய்தான், கதிர்வீச்சு உள்ள இடத்தில் 'டிக் டிக்' எனச் சத்தம் போடும், சினிமாவில் நாம் பார்க்கும் கருவி. 1968-ல் செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் சார்பாக், வாயுவுக்குள் வரிசையாகக் கம்பிகளைக் கட்டி, துகள் எந்த இடத்தில் போனது என்பதையும் சொல்லும் கருவியை உருவாக்கினார். அதற்காக 1992-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1981-ல் ரோம் நகரில் சான்டோனிகோ, கார்டரெல்லி ஆகிய இருவர் இன்னொரு வகையை அறிமுகம் செய்தார்கள். கம்பியே கிடையாது. மின்தடை அதிகமுள்ள இரண்டு தகடுகள், நடுவே மெல்லிய இடைவெளி, அதில் வாயு. இதன் பெயர் ரெசிஸ்டிவ் பிளேட் சேம்பர், சுருக்கமாக ஆர்பிசி. செலவு குறைவு, பெரிய பரப்பில் செய்யலாம், வேகமும் அதிகம். இந்தியாவில் நியூட்ரினோ ஆய்வுக்காகத் தேர்வு செய்யப்பட்டது இந்த வகைதான்.

ஒரு ஆர்பிசிக்குள் என்ன இருக்கிறது?

கட்டடங்களின் ஜன்னலுக்குப் போடும் அதே வகைக் கண்ணாடி, 3 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு தகடுகள். நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி எங்கும் மாறாமல் இருக்க, சட்டைப் பொத்தான் போன்ற பிளாஸ்டிக் துண்டுகளை வரிசையாக ஒட்டுகிறார்கள். ஓரங்களைப் பசை போட்டு அடைத்து, கண்ணாடியின் வெளிப்புறத்தில் கிராஃபைட் கலந்த பெயின்ட் பூசி மின்சாரம் தருகிறார்கள். துடிப்பைப் பிடிக்க வெளியே உலோகப் பட்டைகள் இருக்கும்.

உள்ளே போகும் வாயுவில் சுமார் 95 சதவீதம் ஆர்-134ஏ. பல கார் ஏசிகளில் ஓடும் அதே வாயு. நாலரை சதவீதம் அளவுக்கு ஐசோபியூட்டேன். இது சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்கு உடன்பிறப்பு. எரியக்கூடியதுதான், ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் கலந்தால் கலவை தீப்பிடிக்காது. மீதி 0.3 சதவீதம் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. துணை மின்நிலையங்களின் சுவிட்சுகளில் மின்பொறி பறக்காமல் தடுப்பது இந்த வாயுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. துகள் உள்ளே வந்ததும் எலக்ட்ரான்களைத் தருவது முதல் வாயு. பெருக்கத்தின்போது கிளம்பும் புற ஊதா ஒளியை விழுங்குவது இரண்டாவது. பெருக்கம் கட்டுமீறி முழு மின்பொறியாக மாறாமல் பிடித்து நிறுத்துவது மூன்றாவது.

சோதிக்காமல் விட்டால் என்ன?

இந்தக் கருவி இரண்டு விதத்தில் ஏமாற்றும். துகள் வந்தும் வரவில்லை என்று சொல்லலாம். வராதபோது வந்தது என்று சொல்லலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் தெரியாது. பத்துத் துகளைத் தவறவிட்டு, பத்துப் பொய்த் துடிப்பைத் தந்தால் கணக்கு சரியாக இருப்பது போலவே தோன்றும்.

இன்னொரு சிக்கல், இந்தக் கருவிகள் பெரும்பாலும் கனமான இரும்புத் தகடுகளுக்கு நடுவே செருகப்படும். பெரிய சோதனைகள் பத்து, இருபது ஆண்டுகள் ஓடும். நடுவில் பழுதானால் எளிதாகக் கழற்றி மாற்ற முடியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. உண்மையில் நடந்திருக்கிறது.

ஜப்பானில் பெல் என்ற சோதனைக்காகக் கண்ணாடி ஆர்பிசிகளைப் பொருத்தினார்கள். 1998-ல் சில வாரங்களிலேயே அவற்றில் தேவையில்லாத மின்னோட்டம் ஏறி, துகளைப் பிடிக்கும் திறன் இறங்கத் தொடங்கியது. தேடிப் பார்த்தால், குற்றவாளி வாயு வரும் பிளாஸ்டிக் குழாய்! காற்றில் உள்ள ஈரப்பதம் குழாயின் சுவர் வழியாக மெல்ல உள்ளே ஊறிப் போயிருக்கிறது. ஃபுளோரின் உள்ள வாயுவில் மின்வெடிப்பு நடக்கும் இடத்தில் நீரும் சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உருவாகும். அது கண்ணாடியையே அரிக்கும். கடைசியில் பிளாஸ்டிக் குழாய்களை எடுத்துவிட்டுச் செப்புக் குழாய் போட்டார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த பாபர் சோதனையில் கதை வேறு. அங்கே தகடு கண்ணாடி இல்லை, பேக்கலைட். அதன் உள்பரப்பை வழவழப்பாக்க ஆளி விதை எண்ணெய் பூசியிருந்தார்கள். 1999 கோடையில் வெப்பம் ஏறியபோது கருவிகளின் திறன் சரியத் தொடங்கியது. திறந்து பார்த்தபோது, சரியாகக் காயாத எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு, இரண்டு தகடுகளுக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது.

ஒரு இடத்தில் குழாய், இன்னொரு இடத்தில் எண்ணெய். உலகத்தரம் வாய்ந்த சோதனைகளை இப்படிச் சாதாரண விஷயங்கள் தடுமாற வைத்தன. அதற்குப் பிறகுதான் ஆர்பிசி சோதனை முறைகள் இன்னும் கறாராக மாறின.

பரீட்சை 1: கசிகிறதா?

முதல் சோதனை, பைக் டயரில் பஞ்சர் பார்ப்பது போன்றதுதான். பெட்டிக்குள் வாயுவை நிரப்பி, அழுத்தத்தை வெளிக்காற்றைவிடச் சற்றே கூட்டி, வால்வை மூடிவிடுவார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஆனால் டயரில் ஏற்றுவது மாதிரி ஏற்ற முடியாது. கூட்டும் அழுத்தம் சில மில்லிபார்தான். 5 மில்லிபார் என்றால் ஒரு குழாயில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் ஏறும் அளவு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் கொண்ட கண்ணாடி முழுவதிலும் அது பரவும்போது, சுமார் 200 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். உள்ளே ஒட்டிய பொத்தான்களில் ஒன்று சரியாக ஒட்டாமல் இருந்தால், இந்தச் சோதனையில்தான் 'பட்' என்று விடுபடும். அந்த நொடியில் அழுத்தத்தில் ஒரு திடீர் மாற்றம் தெரியும். அதையும் கண்காணிக்கிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தாலே அழுத்தம் 3 மில்லிபாருக்கு மேல் இறங்கும். அதாவது, அறையில் யாராவது ஏசியைக் கூட்டி வைத்தால், கசிவே இல்லாத பெட்டியும் கசிவது போலக் காட்டும். வெளியே வானிலை மாறினாலும் இதே கதைதான். அதனால் அழுத்தத்தை மட்டும் குறித்தால் போதாது. அறை வெப்பநிலை, வெளிக்காற்றின் அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்து, கழித்துப் பார்த்த பிறகே 'லீக் இல்லை' என்று எழுத முடியும்.

பரீட்சை 2: 10,000 வோல்ட்டைத் தாங்குமா?

அடுத்து மின்சாரம். ஒரு பக்கம் பிளஸ் 5,000, மறுபக்கம் மைனஸ் 5,000 என மொத்தம் சுமார் 10,000 வோல்ட். நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் வருவதைப் போல 40 மடங்குக்கும் மேல்.

முதலில் பெட்டிக்குள் இருக்கும் சாதாரணக் காற்று முழுவதும் வெளியேறும்வரை வாயுக் கலவையை ஓடவிடுவார்கள். பிறகு வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள்.

நல்ல கண்ணாடி ஆர்பிசியில் அது சில நூறு நானோ ஆம்பியர்தான் இருக்கும். ஒரு மொபைல் சார்ஜர் தரும் மின்னோட்டத்தில் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்த வோல்ட்டேஜிலேயே மின்னோட்டம் ஏறினால், மின்சாரம் வாயு வழியாகப் போகவில்லை, பொத்தான் வழியாகவோ ஓரத்துப் பசை வழியாகவோ குறுக்கு வழியில் போகிறது என்று பொருள். ஏறிய மின்னோட்டம் ஒரே இடத்தில் நிற்காமல் நாளுக்கு நாள் கூடினால், உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது என்று பொருள்.

மழைக்காலத்தில் இந்தச் சோதனை இன்னும் கஷ்டம். காற்றில் ஈரம் கூடினால் கண்ணாடியின் வெளிப்பரப்பிலேயே மின்சாரம் ஊர்ந்து போகும். கருவி நன்றாக இருந்தும் கெட்டதுபோல் தெரியும். இதனால்தான் ஆய்வக அறைகளின் ஈரப்பதத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கிறார்கள்.

பரீட்சை 3: வந்த துகளில் எத்தனையைப் பிடிக்கிறது?

இதுதான் முக்கியமான பரீட்சை. கேள்வித்தாளை அனுப்புவது வானம்!

சோதிக்க வேண்டிய பெட்டிக்கு மேலேயும் கீழேயும், துகள் பட்டால் ஒளிரும் சின்டிலேட்டர் பிளாஸ்டிக் பட்டைகளை வைப்பார்கள். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால், ஒரு மியூவான் மேலிருந்து கீழாகப் போயிருக்கிறது என்பது உறுதி. அப்படியானால் அது நடுவில் உள்ள பெட்டியையும் கடந்திருக்க வேண்டும். பெட்டி அதைச் சொன்னதா, இல்லையா? அதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு, 10,000 முறை பட்டைகள் ஒளிர்ந்து, அதில் 9,600 முறை பெட்டியும் துடிப்புத் தந்தால், அதன் திறன் 96 சதவீதம். நல்ல ஆர்பிசிகளிடம் எதிர்பார்ப்பது 95 சதவீதத்துக்கு மேல்.

ஏன் 10,000 முறை? 100 முறை பார்த்தால் போதாதா? போதாது. 100 துகளை வைத்துக் கணக்குப் போட்டால் விடையில் இரண்டு சதவீதம் கூடலாம், குறையலாம். 94-ஆ, 98-ஆ என்று சொல்ல முடியாது. 10,000 துகள் என்றால் அந்தச் சந்தேகம் 0.2 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆனால் வானத்தை அவசரப்படுத்த முடியாது. சின்னப் பட்டைகள் வழியாக நிமிடத்துக்குச் சில பத்துத் துகள்கள்தான் வரும். ஒரே ஒரு புள்ளியை அளக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படி ஒவ்வொரு வோல்ட்டேஜிலும் அளந்து வரைபடம் போட்டால் ஒரு வடிவம் கிடைக்கும். முதலில் திறன் பூஜ்யத்தில் கிடக்கும். ஒரு கட்டத்தில் விறுவிறுவென ஏறும். பிறகு மேட்டு நிலம் போலச் சமமாகிவிடும். அந்தச் சமதளத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ள வோல்ட்டேஜைத்தான் கருவியை இயக்கத் தேர்வு செய்வார்கள். விளிம்பிலேயே வைத்தால், வானிலை சற்று மாறினாலும் திறன் சறுக்கிவிடும். ரொம்ப உள்ளே தள்ளி வைத்தால் மின்பொறிகள் தொடங்கி, கருவியின் ஆயுள் குறையும்.

இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மதுரையில் சரியாக வேலை செய்யும் ஆர்பிசியை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுபோனால் அதே வோல்ட்டேஜ் பொருந்தாது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பெட்டிக்குள் ஓடும் வாயுவும் லேசாகிவிடும். எலக்ட்ரான்கள் மோதாமல் அதிக தூரம் ஓடி, அதிக வேகம் பிடிக்கும். அதற்கேற்ப வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும். எனவே காற்றழுத்தமும் வெப்பநிலையும் எழுதப்படாத வோல்ட்டேஜ் கணக்குக்கு ஆய்வகத்தில் மதிப்பில்லை.

பரீட்சை 4: இல்லாததைச் சொல்கிறதா?

அடுத்தது இரைச்சல் சோதனை. 3 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம் கொண்ட ஓர் உலோகப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் அதன் வழியாக நொடிக்குச் சுமார் 10 மியூவான்கள் போகும். ஆனால் அந்தப் பட்டை நொடிக்கு 500 துடிப்புகளைத் தந்தால்? பெரும்பாலானவை வாயுவிலும் கண்ணாடியிலும் தானாக நடக்கும் சிறு மின்வெடிப்புகள் அல்லது மின்னணுச் சாதனங்களின் குழப்பம்.

இரைச்சலை ஒரேயடியாக ஒழிக்க முடியாது. அது எவ்வளவு, எந்தப் பட்டையில், எப்போது கூடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும். கண்ணாடிக்குள் ஒரு தூசி, கிராஃபைட் பூச்சில் ஒரு திட்டு, சரியாக இணைக்கப்படாத எர்த் வயர் என ஒவ்வொன்றும் இரைச்சலில் தன் அடையாளத்தை விட்டுவைக்கும்.

பரீட்சை 5: நேரம் சரியா?

ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். நானோ நொடி என்றால் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆர்பிசி கிட்டத்தட்ட அந்த அளவு துல்லியத்தில் நேரம் சொல்ல வேண்டும்.

இது எதற்கு? மியூவான்களில் பெரும்பாலானவை மேலிருந்து கீழே வருபவை. ஆனால் பூமியின் மறுபக்கத்திலிருந்து பூமியையே துளைத்து வரும் நியூட்ரினோ, கருவியில் மோதினால் கீழிருந்து மேலே போகும் மியூவானை உருவாக்கும். விஞ்ஞானிகள் தேடுவது இந்த அபூர்வ விருந்தாளியையும்தான். அடுக்கடுக்காக வைத்த பெட்டிகளில் எது முதலில் துடித்தது, எது பிறகு துடித்தது என்பதை வைத்துத்தான் துகள் ஏறியதா, இறங்கியதா என்று சொல்ல முடியும். கடிகாரம் தவறினால் திசை தவறும். திசை தவறினால் கண்டுபிடிப்பே தவறு.

இந்தியாவில் இது எங்கெல்லாம் நடக்கிறது?

செர்னில் உள்ள சிஎம்எஸ் என்ற ராட்சதக் கருவிக்குப் புதிய ஆர்பிசி அடுக்கு ஒன்று தேவைப்பட்டது. அதற்கான 144 கருவிகளில் ஒரு பகுதியைச் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகமும் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கிச் சோதித்து அனுப்பின.

அதே சிஎம்எஸ் கருவிக்குப் பிறகு ஜெம் என்ற இன்னொரு வகை வாயுக் கருவி தேவைப்பட்டபோது, டெல்லி பல்கலைக்கழகமும் பணியில் இணைந்தது. அந்தக் கருவிகளுக்கு எண் போட்ட தேர்வுகள் உண்டு. ஒன்றில் தேறினால்தான் அடுத்ததற்கு அனுமதி. கசிவுத் தேர்வில் 25 மில்லிபார் கூடுதல் அழுத்தம் கொடுத்து மூடினால், ஒரு மணி நேரத்தில் 7 மில்லிபாருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

நியூட்ரினோ ஆய்வுக்கான ஆர்பிசிகளுக்கு எந்தக் கண்ணாடி சரிவரும் என்ற கேள்விக்கும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் விடை தேடியது. சந்தையில் கிடைக்கும் அசாஹி, செயின்ட்-கோபைன், மோடி ஆகிய நிறுவனங்களின் கண்ணாடிகளை டெல்லி பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுச் சோதித்தார்கள்.

மதுரையில் 'மினி ஐகால்' என்ற 85 டன் கருவி இருக்கிறது. 11 இரும்பு அடுக்குகள், நடுவே 10 வரிசைகளில் 20 ஆர்பிசிகள். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் சின்ன முன்மாதிரி இது. முழு ஆய்வகத்துக்குத் தேவை 50,000 டன் இரும்பும் 28,800 ஆர்பிசிகளும்! அத்தனைக்கும் இந்த ஐந்து பரீட்சைகளையும் வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் நூற்றில் ஒன்று கசிந்தாலே அது கிட்டத்தட்ட 300 பெட்டி.

அந்தத் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலையைக் குடைவதால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் புலிகளின் வழித்தடத்துக்கும் பாதிப்பு வரும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வழக்குகள் தொடர்ந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. முழு ஆய்வகம் எழும்பாத நிலையில், கருவிகளை ஓட்டிப் பார்த்துக் கற்கும் இடமாக மதுரை முன்மாதிரி இருக்கிறது.

ஊட்டியில் பலன் தந்த கருவிகள்

சோதனை எதற்கு என்ற கேள்விக்கு நல்ல பதில் ஊட்டியில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இயங்குகிறது. அங்கே 3,712 வாயுக் கருவிகள் இரவு பகலாக மியூவான்களை எண்ணுகின்றன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீள இரும்புக் குழாய். நடுவே ஒரு மெல்லிய கம்பி. உள்ளே 90 சதவீதம் ஆர்கான், 10 சதவீதம் மீத்தேன்.

2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டி மேல் ஒரு இடிமேகம் நகர்ந்தது. அந்த நேரத்தில் மியூவான் எண்ணிக்கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வெறும் 2 சதவீத அளவுதான். அதை ஆராய்ந்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இடிமேகத்தில் இவ்வளவு பெரிய மின்னழுத்தம் அதற்கு முன் அளக்கப்பட்டதே இல்லை.

யோசித்துப் பாருங்கள். கருவிகளே நாளுக்கு நாள் இரண்டு மூன்று சதவீதம் ஏறி இறங்கும் என்றால், அந்த மாற்றம் மேகத்தாலா, கருவியாலா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பல்லாண்டுப் பராமரிப்பும் சோதனையும்தான் அந்த 2 சதவீதத்தைக் கண்டுபிடிப்பாக மாற்றியது.

எகிப்தில் கூஃபு பிரமிடுக்குள் ஒரு பெரிய வெற்றிடம் மறைந்திருப்பதாக 2017-ல் வந்த செய்தி நினைவிருக்கலாம். அதுவும் மியூவான்களை எண்ணித்தான் தெரியவந்தது. அதில் பயன்பட்ட மூன்று வகைக் கருவிகளில் ஒன்று, வாயு நிரப்பிய கருவி.

இதிலிருந்து கதிர்வீச்சு வருமா?

வராது. ஆர்பிசி எதையும் வெளியிடுவதில்லை, வருவதை மட்டும் பதிவு செய்கிறது. ரேடியோ பெட்டி பாட்டை உருவாக்குவதில்லை, காற்றில் வரும் அலையைத்தான் பிடிக்கிறது. அது மாதிரி. மியூவான்கள் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் மேல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஜெம் போன்ற சில கருவிகளைச் சோதிக்க மட்டும் சிறிய கதிரியக்க மூலங்களைப் பாதுகாப்பு விதிகளோடு பயன்படுத்துவார்கள்.

ஆய்வகத்துக்குள் கவனம் தேவைப்படுவது வேறு விஷயங்களுக்கு. உயர் மின்னழுத்தம், எரியக்கூடிய ஐசோபியூட்டேன் சிலிண்டர், மூடிய அறையில் கசிந்தால் மூச்சுக்கு இடமில்லாமல் செய்யும் கனமான வாயுக்கள். அதனால் வெளியேற்றும் குழாய், கசிவு அலாரம் எல்லாம் கட்டாயம்.

இப்போது உள்ள பெரிய தலைவலி என்ன?

வாயுதான். கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கக் கூடியது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு சுமார் 23,000 மடங்கு. செர்ன் நிறுவனம் 2018-ல் நேரடியாக வெளியேற்றிய பசுமைக்குடில் வாயுக்கள் ஏறத்தாழ 1,92,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதில் முக்கால் பங்குக்கும் மேல், துகள்களைப் பிடிக்கவும் கருவிகளைக் குளிர்விக்கவும் பயன்பட்ட ஃபுளோரின் வாயுக்கள். ஆர்பிசிகளின் கசிவுக்கும் அதில் பங்குண்டு. கசிவுச் சோதனை கருவியின் நலனுக்கு மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது.

2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. 2032 முதல் குறைக்கத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இன்னும் கடுமை. கார்களும் ஃபிரிட்ஜுகளும் வேறு வாயுவுக்கு மாற மாற, ஆய்வகங்களுக்கு இந்த வாயு கிடைப்பதும் குறையும், விலையும் ஏறும்.

மாற்று இல்லையா? இருக்கிறது. ஆர்-1234இசட்இ என்ற புதிய வாயு சூழலுக்கு மிகக் குறைந்த பாதிப்பையே தரும். ஆனால் அதைப் போட்டால் இயக்க வோல்ட்டேஜ் எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. பழைய கருவிகளின் கேபிள்களும் இணைப்புகளும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அதனால் கார்பன் டை ஆக்சைடைக் கலந்து வோல்ட்டேஜைக் கீழே இறக்கப் பார்க்கிறார்கள். செர்னின் அட்லஸ் கருவி 2023-ல், ஆர்-134ஏ வாயுவின் ஒரு பகுதிக்குப் பதிலாக 30 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த கலவைக்கு மாறியது.

ஆனால் வாயு மாறினால் எல்லாமே மாறும். எந்த வோல்ட்டேஜில் சமதளம் வரும், எவ்வளவு இரைச்சல், எவ்வளவு மின்னோட்டம், பல ஆண்டுகளில் கண்ணாடியோ பேக்கலைட்டோ அரிக்குமா என எல்லாக் கேள்விக்கும் முதலிலிருந்து விடை தேட வேண்டும். பெல் சோதனையில் ஒரு குழாய் கற்றுத்தந்த பாடம் அது.

அந்த வேலைதான் இப்போது பல நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறிய ஆர்பிசி, ஒரு புதிய சிலிண்டர், மேலும் கீழும் இரண்டு பட்டைகள். வோல்ட்டேஜை ஒரு படி ஏற்றி, அடுத்த 10,000 மியூவான்களுக்காகக் காத்திருக்கிறார்கள் மாணவர்கள்.